ரொனால்ட் ரோஸ்: பெங்களூர்ப் பீப்பாய் முதல் எங்கள் கிணறு வரை

ஆகஸ்ட் 20 ஆம் திகதி உலக நுளம்பு தினம். அந்தத் திகதிக்குச் சொந்தக்காரர் ரொனால்ட் ரோஸ் என்ற வெள்ளைக்கார இராணுவ வைத்தியர். மலேரியாவை நுளம்புதான் காவுகிறது என்று காட்டியவர். மருதமுனையில் முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் என்ற முறையில் அவருடைய பெயரைப் பல தடவை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். பெயர், ஆண்டு, நோபல் பரிசு. பரீட்சைக்கு அவ்வளவும் போதும். ஆனால் டெங்கு வருடாவருடம் வந்துபோகும் எங்கள் கரைக்கு அந்த மனிதரின் வாழ்க்கையில் பரீட்சைக்கு வராத ஒரு பகுதிதான் அதிகம் தேவை. அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

ரோஸ் பிறந்தது 1857 மே 13 ஆம் திகதி, இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவில். அதற்கு மூன்று நாட்களுக்கு முன்னர்தான் மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்திருந்தார்கள். தகப்பன் பிரித்தானிய இந்திய இராணுவத்தில் அதிகாரி. பத்துப் பிள்ளைகளில் மூத்தவர் ரோஸ். எட்டு வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அவருக்குப் பிடித்தவை ஓவியமும் கவிதையும் இசையும் கணிதமும். வைத்தியத்தில் விருப்பமே இல்லை. தகப்பனின் பிடிவாதத்தால் லண்டனில் வைத்தியம் படித்து, 1881 இல் இந்திய மருத்துவ சேவையில் சேர்ந்தார். நியமனம் சென்னை மாகாணத்தில். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் கவிதை எழுதினார், கணிதப் புத்தகங்களில் மூழ்கினார். அன்றைக்கு அவரைப் பார்த்த யாரும் இவர் ஒரு நோயின் கதையை மாற்றப் போகிறார் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

1883 இல் பெங்களூருக்கு மாற்றம் கிடைத்தது. தங்கியிருந்த வீட்டில் நுளம்புத் தொல்லை தாங்க முடியவில்லை. மற்ற அறைகளைவிடத் தன் அறையில் மட்டும் ஏன் இத்தனை நுளம்பு என்று யோசித்தவர், யன்னலுக்கு வெளியே இருந்த ஒரு தண்ணீர்ப் பீப்பாயைக் கண்டார். உள்ளே பார்த்தால் நெளிந்துகொண்டிருந்தன குடம்பிகள். பீப்பாயைக் கவிழ்த்துக் கொட்டினார். சில நாட்களில் அறையில் நுளம்பு குறைந்துவிட்டது. உடனே மேலதிகாரியிடம் போய், அதிகாரிகள் சாப்பிடும் விடுதியைச் சுற்றியிருக்கும் தொட்டிகளையும் பூச்சாடிகளையும் இப்படியே வெறுமையாக்கினால் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கலாம் என்றார். மேலதிகாரி மறுத்துவிட்டார். இயற்கை படைத்ததை மாற்ற வேண்டாம், நுளம்பைச் சகித்துக்கொள்வதே முறை என்பது அவருடைய எண்ணம்.

நுளம்பு நோய் காவும் என்று அப்போது ரோஸுக்கே தெரியாது. ஆனாலும் நுளம்பைப் பிடிக்க வேண்டிய இடம் காற்று அல்ல, தண்ணீர் என்பது இருபத்தாறு வயதில் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. பிறகு அவர் செய்த எல்லாவற்றுக்கும் அடி அந்தப் பீப்பாய்தான்.

பர்மாவிலும் அந்தமானிலும் வேலை பார்த்துவிட்டு, 1888 இல் விடுமுறையில் இங்கிலாந்து போனார். அங்கே பொதுச் சுகாதாரத்தில் டிப்ளோமா முடித்தார், பற்றீரியாவியலும் கற்றார். 1889 இல் ரோசா புளொக்ஸமைத் திருமணம் செய்தார். 1894 இல் மறுபடியும் லண்டன் போனபோது பற்றிக் மான்சனைச் சந்தித்தார். யானைக்கால் நோயின் புழு நுளம்புக்குள் வளர்வதைச் சீனாவில் கண்டுபிடித்தவர் மான்சன். மலேரியா ஒட்டுண்ணியை நோயாளியின் இரத்தத்தில் முதலில் கண்டவர் லவரன் என்ற பிரெஞ்சு இராணுவ வைத்தியர், 1880 இல் அல்ஜீரியாவில். அந்த ஒட்டுண்ணியை நுணுக்குக்காட்டியில் ரோஸுக்குக் காட்டிய மான்சன், இதுவும் நுளம்பு வழியாகத்தான் போகிறது என்ற தன் சந்தேகத்தைச் சொன்னார். ஆனால் நுளம்பு தண்ணீரில் செத்து விழ, அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு நோய் வருகிறது என்று மான்சன் எண்ணியிருந்தார். குரு காட்டிய திசை சரி, பாதை பிழை. இந்தியா திரும்பிய ரோஸ் அந்தப் பிழையான பாதையிலும் கொஞ்ச தூரம் நடந்துதான் வெளியே வந்தார்.

1895 இல் செகந்திராபாத்தில் வேலை தொடங்கியது. சிறிய இராணுவ வைத்தியசாலை, கொதிக்கும் வெயில். விசிறியைப் போட்டால் கண்ணாடித் தகட்டில் அறுத்து வைத்த நுளம்பு பறந்துவிடும் என்பதால் காற்றில்லாத அறையில் இருந்தார். வியர்வை பட்டு நுணுக்குக்காட்டியின் திருகாணிகள் துருப்பிடித்தன. இரண்டு வருடமாக நூற்றுக்கணக்கான நுளம்புகளை அறுத்தும் எதுவும் அகப்படவில்லை. காரணம், அவர் அறுத்தவை மலேரியாவைக் காவாத வகைகள். இடையில் ஊட்டிப் பக்கம் போய்த் தானே மலேரியாவில் படுத்தார்.

1897 ஆகஸ்டில் புள்ளி விழுந்த இறகுடைய வேறு வகை நுளம்பின் குடம்பிகள் கிடைத்தன. இன்று அனோபிலிஸ் என்று அழைக்கும் இனம் அது. அவற்றை வளர்த்து, 16 ஆம் திகதி ஹுசைன் கான் என்ற மலேரியா நோயாளியைக் கடிக்க விட்டார். கடிக்கும் நுளம்பு ஒன்றுக்கு ஓர் அணா கூலி. பத்து நுளம்புகள் கடித்தன, பத்து அணா. 20 ஆம் திகதி, மிஞ்சியிருந்த நுளம்புகளில் ஒன்றை அறுத்தபோது அதன் இரைப்பைச் சுவரில் கரும்புள்ளிகள் கொண்ட உருண்டைக் கலங்களைக் கண்டார். மறுநாள் கடைசி நுளம்பை அறுத்தார். அதே கலங்கள் இன்னும் பெரிதாகி இருந்தன. ஒட்டுண்ணி நுளம்புக்குள் வளர்கிறது என்பது உறுதியானது.

ஹுசைன் கானுக்குப் பிறகு என்ன ஆனது என்பதைப் பாடப் புத்தகங்கள் சொல்வதில்லை. இராணுவ வைத்தியசாலையில் படுத்திருக்கும் ஓர் ஏழை, அதிகாரி கேட்டால் மாட்டேன் என்று சொல்லக்கூடிய நிலையிலா இருந்திருப்பார்? முகாம்களில் வரிசையில் நின்று விரலை நீட்டி இரத்தம் கொடுத்த எங்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. அன்றைய விஞ்ஞானம் பேரரசின் சிப்பாய்களையும் வணிகத்தையும் காப்பதற்காகவே பணம் பெற்றது. ரோஸ் அந்த அமைப்பின் ஆள். அவர் கண்டுபிடித்தது மட்டும் எல்லோருக்கும் உதவியது. இரண்டையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

அவரையும் அந்த அமைப்பு விட்டுவைக்கவில்லை. கண்டுபிடித்த அடுத்த மாதமே, மலேரியா அதிகம் இல்லாத ராஜபுதனத்து கேர்வாராவுக்குத் தூக்கிப் போட்டார்கள். மான்சன் லண்டனில் இருந்து வாதாடியதால் 1898 பெப்ரவரியில் கல்கத்தா போக முடிந்தது. அங்கோ பிளேக் ஊசிப் பயத்தால் நோயாளிகள் விரல் நீட்ட மறுத்தார்கள். ரோஸ் மனிதரை விட்டுப் பறவைகளுக்கு மாறினார். முஹம்மது பக்ஸ் என்பவரை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். ஊரெல்லாம் அலைந்து நுளம்பும் குருவியும் பிடித்து வந்தவர் பக்ஸ். 1898 ஜூலையில், ஒட்டுண்ணி நுளம்பின் உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர்வதையும், கடிக்கும்போது அது நல்ல குருவியின் உடலுக்குள் இறங்குவதையும் ரோஸ் கண்டார். முழுச் சக்கரமும் தெரிந்துவிட்டது. கல்கத்தா ஆய்வுகூடத்தின் முன்னால் எடுத்த புகழ்பெற்ற படத்தில் ரோஸுடனும் மனைவியுடனும் பக்ஸும் இருக்கிறார். நோபல் பரிசு 1902 இல் ரோஸுக்கு மட்டும் கிடைத்தது. மனித மலேரியாவின் சக்கரத்தை இத்தாலியில் அனோபிலிஸில் காட்டிய கிராசிக்கும் ரோஸுக்கும் நடந்த சண்டை இறுதிவரை ஓயவில்லை. புகழ் விடயத்தில் ரோஸ் பெருந்தன்மையானவர் அல்லர்.

பாடப் புத்தகக் கதை இங்கே முடிகிறது. ரோஸ் தன் பெரிய வேலை இனித்தான் தொடங்குகிறது என்று நினைத்தார். 1899 இல் இந்திய சேவையை விட்டு லிவர்பூலில் விரிவுரையாளரானார். அந்த வருடமே மேற்கு ஆபிரிக்காவின் பிரீடவுனுக்குப் போனார். 1901 இல் மறுபடி போய், கூலி ஆட்களைக் கொண்டு நுளம்புப் படை ஒன்றை அமைத்தார். பழைய தகரங்களைப் பொறுக்குவது, குட்டைகளை மூடுவது, கான்களை வெட்டிவிடுவது, மூட முடியாத தண்ணீரில் மண்ணெண்ணெய் ஊற்றுவது. வேறெதுவும் இல்லை. அந்த வேலை நிரந்தரமாக நிலைக்கவில்லை. 1902 இல் சுயஸ் கால்வாய்க் கம்பனியின் இஸ்மாயிலியா நகரத்துக்குப் போனார். அங்கே கம்பனி வேலையை விடாமல் தொடர்ந்தது. 1902 இல் 1,500 க்கு மேல் இருந்த மலேரியா நோயாளர் தொகை 1904 இல் நூறுக்கும் கீழே வந்தது. அதே காலத்தில் லாகூருக்கு அருகே மியான்மீர் என்ற இராணுவக் குடியிருப்பில் வேறு வைத்தியர்கள் செய்த முயற்சி தோற்றது. நுளம்பை ஒழிக்கவே முடியாது என்று எதிர்த்தரப்பு அதை வைத்து வாதாடியது.

அந்த வாதத்துக்கு ரோஸ் தந்த பதிலைத்தான் அவருடைய மிகப் பெரிய கொடை என்று நான் நினைக்கிறேன். இளமையில் பிடித்த கணிதத்தைக் கையில் எடுத்தார். 1907 இல் மொரிசியஸ் தீவுக்கு அழைக்கப்பட்டுப் போய், அங்கே எழுதிய அறிக்கையிலும் 1910 இல் வெளியிட்ட நூலிலும் கணக்குப் போட்டுக் காட்டினார். நுளம்பு முழுவதையும் அழிக்கத் தேவையில்லை. ஒரு நோயாளியிடமிருந்து சராசரியாக ஒரு புதிய நோயாளிகூட உருவாகாத அளவுக்கு நுளம்பின் தொகையைக் குறைத்தால் போதும். நோய் மெல்ல மெல்லத் தானாக அணைந்துவிடும். ஆனால் அந்த அளவுக்குக் கீழே தொடர்ந்து வைத்திருக்க வேண்டும். கொவிட் காலத்தில் ஒருவரிடமிருந்து எத்தனை பேருக்குத் தொற்றும் என்று தினமும் கேட்டோமே, அந்தக் கணக்கின் வேர்களில் ஒன்று இது.

பிற்காலம் அவருக்கு இதமாக அமையவில்லை. 1911 இல் சேர் பட்டம் கிடைத்தது. 1914 இல் மூத்த மகன் பிரான்சில் போரில் இறந்தார். 1926 இல் அவருடைய பெயரில் லண்டனில் ஓர் ஆய்வு நிறுவனம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பாரிசவாதம் வந்தது. கைச்செலவுக்காகத் தன் வாழ்நாள் ஆவணங்களை விற்றார். 1931 இல் மனைவி போனார். 1932 செப்டெம்பர் 16 இல் ரோஸும் போனார். அவர் இறந்து இரண்டு வருடத்தில் இலங்கையில் பெரும் மலேரியா பரவி, 1934-35 இல் ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்றது. வறட்சியில் ஆறுகள் குட்டைகளாகத் தேங்கியதே அதற்குக் காரணமாயிற்று. ரோஸ் சொன்ன அதே தண்ணீர்.

ரோஸின் கையில் இருந்த ஆயுதம் மண்ணெண்ணெய். குடிக்கும் கிணற்றில் அதை ஊற்ற முடியாது. கவிழ்க்கக் கூடிய பீப்பாய்க்கு வழி இருந்தது, கவிழ்க்க முடியாத கிணற்றுக்கு இல்லை. அந்த வழியின் முதல் நூல் அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே வேறொரு மூலையில் கிடந்தது. 1901 இல் யப்பானில் இஷிவாத்தா என்ற ஆய்வாளர் பட்டுப்புழுக்களைத் திடீரென்று கொல்லும் ஒரு பற்றீரியாவைக் கண்டார். 1911 இல் ஜேர்மனியின் துரிங்கியாவில் மாவுப் பூச்சியில் அதே பற்றீரியாவைக் கண்ட பேர்லினர், அந்த ஊரின் பெயரால் பசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்று பெயர் வைத்தார். நுளம்பைக் கொல்லும் வகை கிடைத்தது ரோஸ் இறந்து 44 வருடங்களுக்குப் பிறகு. 1976 இல் நெகெவ் பாலைவனத்தில் ஒரு சிறு குட்டையில் நுளம்புக் குடம்பிகள் கூட்டமாகச் செத்து மிதப்பதைக் கோல்ட்பேர்க், மார்கலித் என்ற இருவர் கண்டு, அந்தச் சேற்றிலிருந்து பிரித்தெடுத்தார்கள். சுருக்கமாக அதை பி.ரி.ஐ. என்கிறார்கள்.

அது வேலை செய்யும் விதம் எளிது. இந்தப் பற்றீரியா வித்தியாக மாறும்போது தன் உடலில் ஒரு புரதப் பளிங்கை உண்டாக்குகிறது. குடம்பி தண்ணீரில் மிதக்கும் எதையும் வடித்துத் தின்னும் பிராணி. பளிங்கையும் தின்கிறது. குடம்பியின் குடல் கடும் காரத்தன்மை உடையது. அங்கே பளிங்கு கரைந்து, குடலின் நொதியங்களால் நஞ்சாக மாறி, குடல் சுவரில் ஒட்டித் துளை போடுகிறது. குடம்பி தின்பதை நிறுத்துகிறது, ஒரு நாளுக்குள் சாகிறது. எங்கள் இரைப்பையோ அமிலம். அந்த நஞ்சு ஒட்டிக்கொள்ளும் இடமும் எங்கள் குடலில் இல்லை. அதனால் மனிதருக்கும் மீனுக்கும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீங்கில்லை. குடிதண்ணீர்ப் பாத்திரங்களில் பயன்படுத்தவும் ஏற்ற தயாரிப்புகள் உள்ளன. ஒரே பற்றீரியாவில் பல நஞ்சுகள் சேர்ந்திருப்பதால் நுளம்பு அதற்குப் பழகிக்கொள்வது கடினம். புதுச்சேரியில் 1975 முதல் இயங்கும் நோய்க்காவி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிலையம் இதன் உள்ளூர் வகையொன்றைப் பிரித்தெடுத்துத் தயாரிப்புக்குக் கொடுத்திருக்கிறது. அழுக்குத் தண்ணீரில் நின்று பிடிக்கும் அதன் உறவுக்காரப் பற்றீரியா ஒன்றும் உண்டு. ஆனால் அதற்கு நுளம்பு பழகிவிட்டதைக் கொச்சியில் கண்டிருக்கிறார்கள்.

இதை மந்திர மருந்தென்று யாரும் நினைக்கக் கூடாது. கூட்டுப்புழு ஒன்றும் தின்னாது, அதனால் சாகாது. பறக்கும் நுளம்பை இது தொடாது. வெயிலிலும் சேற்றிலும் சில நாட்களிலோ சில வாரங்களிலோ வலுவிழக்கும், மறுபடி போட வேண்டும். மறுபடி, மறுபடி. ரோஸின் நுளம்புப் படையைப் போலத்தான்.

இனி எங்கள் கரைக்கு வருகிறேன். இலங்கை மலேரியாவை வென்ற நாடு. 1963 இல் டி.டி.ரி. புண்ணியத்தில் நாடு முழுவதற்கும் 17 நோயாளர்தான். வெற்றி கிடைத்துவிட்டது என்று கையைக் கழுவியதும் 1969 இல் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. அந்தப் பாடத்தை மறக்காத ஊழியர்கள் போர் நடந்த ஆண்டுகளிலும் இரு தரப்புக் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலும் வேலையை விடவில்லை. உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. ரோஸ் கணக்கில் காட்டியதை இந்தக் காயப்பட்ட நாடு கண்ணால் காட்டியது. போரைப் பற்றிப் பேசும்போது இந்த ஊழியர்களைப் பற்றியும் பேச வேண்டும்.

ஆனால் டெங்கு வேறு நுளம்பு. ஈடிஸ் பகலில் கடிக்கும், வீட்டோடு வாழும். 2006 இறுதியில் சிக்குன்குனியா எங்கள் கரைக்கு வந்தபோது சுனாமியில் வீடிழந்த சனம் இன்னும் தற்காலிகக் கொட்டில்களில் இருந்தது. மூட்டு வலியால் தொழுகைக்கு முழங்கால் மடக்க முடியாமல் கதிரையில் இருந்த வாலிபர்களை நான் பார்த்திருக்கிறேன். 2017 இல் நாடு முழுவதும் 186,000 க்கு மேற்பட்டோருக்கு டெங்கு. நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நுளம்புகளும் மாறிக்கொண்டு வருகின்றன. உவர் கலந்த தண்ணீரிலும் ஈடிஸ் குடம்பி வளர்வதை யாழ்ப்பாணத்திலும் எங்கள் பக்கத்து மட்டக்களப்புக் கரையிலும் ஆய்வாளர்கள் கண்டார்கள். கைவிட்ட தோணிகளிலும் பாவிக்காத கிணறுகளிலும் அவை இருந்தன. நகரத்துக் கிணறுகளில் வளரும் மலேரியா நுளம்பு வகை ஒன்றும் இந்தியாவிலிருந்து மன்னாருக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

கைவிட்ட தோணி, பாவிக்காத கிணறு. இவை எங்கள் கரையில் ஏன் இத்தனை? சுனாமி அள்ளிய வளவுகளில் கிணறு மட்டும் மிஞ்சியது. போரில் வெளியேறியவர்களின் வளவுகள், வெளிநாடு போனவர்களின் பூட்டிய வீடுகள், வழக்கில் கிடக்கும் காணிகள். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று தமிழூரும் முஸ்லிம் ஊரும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகக் கிடக்கும் இந்த ஒடுங்கிய கரையில், பிரதேச செயலக எல்லை எது என்று வருடக்கணக்காக வாதாடுகிறோம். பாண்டிருப்பில் மூடாத கிணற்றின் நுளம்புக்கு மருதமுனை ஒரு பறப்புத் தூரம். மருதமுனைக் கடற்கரைத் தோணியின் நுளம்புக்கும் அப்படியே. ரோஸின் கணக்கு ஊர் பார்த்துப் போடுவதல்ல. ஓர் ஊர் தன் பங்கைச் செய்து அடுத்த ஊர் செய்யாவிட்டால், இரண்டு ஊருக்கும் அந்த அளவுக்குக் கீழே நுளம்பு இறங்காது.

புகை அடிக்கும் வாகனம் வந்தால் சனம் திருப்திப்படுகிறது. சத்தமும் மணமும் இருப்பதால் ஏதோ நடக்கிறது என்று தெரிகிறது. புகை அன்றைய நுளம்பைக் கொல்லும். நாளைக்குப் பறக்கப் போகும் நுளம்பு தண்ணீரில் பத்திரமாக இருக்கும். நோயாளர் கூடிய இடத்தில் அவசரத்துக்குப் புகை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மாநகர சபையிடமும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிடமும் நாங்கள் கேட்க வேண்டியது வேறு. உரிமையாளர் இல்லாத கிணறுகளின் பட்டியல் இருக்கிறதா? அவற்றில் கப்பி மீன் விடுவதா, வலை போட்டு மூடுவதா, பி.ரி.ஐ. போடுவதா என்று யார் தீர்மானிக்கிறார்கள்? போட்டால் எத்தனை நாளுக்கு ஒருமுறை? இரண்டு பக்கத்து ஊழியர்களும் ஒரே வாரத்தில் இறங்குகிறார்களா? யாழ்ப்பாண ஆய்வாளர்கள் உவர் கலந்த தண்ணீரிலும் பி.ரி.ஐ. குடம்பியைக் கொல்வதைப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் கரைக் கிணறுகளுக்கு அது முக்கியமான செய்தி. தனியாள் கடையில் எதையாவது வாங்கித் தன் கிணற்றில் கொட்டுவது தீர்வாகாது. அளவும் வகையும் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை இது.

வீட்டில் செய்ய வேண்டியதற்கு மருந்தே தேவையில்லை. முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஈடிஸுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். ஆகவே வாரத்தில் ஒரு நாள், வெள்ளியோ ஞாயிறோ, வளவைச் சுற்றி வந்து பார்த்தால் சக்கரம் அறும். பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கத் தட்டு, கூரைப் பீலி, ரயர், இளநீர்க் கோம்பை. தொட்டிச் சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கவிழ்த்தால் மட்டும் போதாது, உரஞ்சிக் கழுவ வேண்டும். தோணிக்காரர்கள் கரையில் இழுத்துவிட்ட தோணியைக் கவிழ்த்து வைக்க வேண்டும்.

ஐப்பசி பிறந்தால் வாடைக்காற்றோடு மாரி வரும். அதற்குப் பின் மார்கழி, தை மாதங்களில் எங்கள் வைத்தியசாலைகளில் டெங்குக் கட்டில்கள் நிரம்பும். அதற்கு முன்னரே இரண்டு பக்கத்துப் பள்ளிவாசல், கோயில் நிர்வாகங்களும் மீனவர் சங்கங்களும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களோடு ஒரு மேசையில் இருந்து அந்தக் கிணறுகளை எண்ணத் தொடங்கலாம்.